அப்பாவின் காற்புண்ணும் வயதாகும் கலங்களும்

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மற்ற வாசகர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் முதலில் அதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பின் வெல்லாவெளிப் பக்கம் வயல் செய்கிற உங்கள் அப்பாவுக்கு 71 வயது. போன மகா போகம் வரைக்கும் வரம்பில் நின்று வேலை செய்வித்த மனிசன், இந்த முறை வாசல் கதிரையை விட்டு எழும்பவே யோசிக்கிறார். மெலிந்தும் போனார். காலில் முள் குத்திய புண் ஒன்றரை மாதமாகியும் மாறவில்லை. ஓரிடத்தில் காட்டியிருக்கிறீர்கள், "வயசுதானே, கலங்கள் களைச்சுப் போனால் இப்படித்தான்" என்று சொல்லி மருந்து கட்டி அனுப்பிவிட்டார்கள். அப்பாவும் "வயசு போயிற்று மனே, மறுகா என்ன செய்யிற" என்று விட்டுவிட்டார். இதற்கிடையில் கனடாவில் இருக்கும் உங்கள் அண்ணா, முதுமையைத் தள்ளிப்போடும் என்று ஒரு போத்தல் குளிசை அனுப்பியிருக்கிறார், அதைக் கொடுக்கலாமா என்பது உங்கள் கேள்வி. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மகளின் கேள்வி வேறு: உடம்பில் கலங்கள் (உயிரணுக்கள்) நாளுக்கு நாள் புதிதாக உண்டாகின்றன என்றால் ஏன் அம்மப்பாவுக்கு வயதாகிறது?

மகளின் கேள்விக்கு ஆறுதலாகப் பதில் சொல்கிறேன், எனக்கு மிகப் பிடித்த கேள்வி அது. ஆனால் அதற்கு முதல் ஒன்று. நாளைக் காலையில் வெறும் வயிற்றோடு அப்பாவைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சீனி பாருங்கள். களைப்பு, மெலிவு, மாறாத காற்புண் மூன்றும் ஒருவரிடம் சேர்ந்து வந்தால், சீனி வருத்தம் இல்லை என்று தெரியும்வரை அது இருக்கிறது என்றே எண்ணி நடப்பதுதான் எங்கள் பழக்கம். புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினால், நாற்றம் வந்தால், விரல் கறுத்தால், காய்ச்சல் காய்ந்தால் நாளைக்கென்று வைக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காய்ச்சல் என்றால் அவர் வயலுக்குள் இறங்குகிறவர் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள், திறந்த புண்ணோடு சேற்றில் நின்றவருக்கு எலிக்காய்ச்சலையும் யோசிக்க வேண்டும்.

சரி, இனி மகளிடம் வருவோம்.

பிள்ளை சொல்வது சரிதான், ஆனால் பாதி சரி. சில கலங்கள் நம்ப முடியாத வேகத்தில் புதுப்பிக்கப்படுகின்றன. குடலின் உட்சுவர்க் கலங்கள் மூன்று முதல் ஐந்து நாட்களில் மாறிவிடும். செங்குருதிக் கலம் ஒன்று ஏறக்குறைய 120 நாட்கள் வாழும், அதை ஈடுகட்ட எலும்பு மச்சை ஒவ்வொரு நொடியும் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட புதுக் கலங்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இதயத் தசையில் கதை வேறு, 25 வயதில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒரு கலம்தான் மாறுகிறது, வயது போகப் போக அதுவும் பாதிக்குக் கீழே போய்விடும். மூளையின் நரம்புக் கலங்களில் பெரும்பாலானவை அம்மப்பா பிறந்தபோது இருந்த அதே கலங்கள். கண்வில்லையின் நடுவில் உள்ள புரதம் அவர் தாயின் வயிற்றில் இருந்தபோது உண்டானது, அதை மாற்ற உடம்பிடம் வழியே இல்லை, எழுபது வருட வெயிலையும் அந்தப் புரதமே தாங்கியிருக்கிறது. வாவியில் வள்ளம் ஓட்டி வாழ்ந்தவர்களின் கண்ணில் வெண்புரை படர்வதைக் கண்டிருப்பீர்கள், அங்கே நடப்பதும் இதுதான்.

ஆகவே இரண்டு விதமான முதுமை இருக்கிறது, மாறாத கலங்களில் குப்பை சேர்கிற முதுமை ஒன்று, மாறுகிற கலங்களில் பிரதி எடுத்து எடுத்தே வருகிற முதுமை மற்றது. இரண்டாவதை மகள் அம்மப்பாவிடமே கேட்டுப் படிக்கலாம். ஒரே விதைநெல்லை எத்தனை போகத்துக்கு விதைப்பார் என்று கேட்கச் சொல்லுங்கள். சொந்த நெல்லையே திரும்பத் திரும்ப விதைத்தால் நாலைந்து போகத்தில் வயலில் கலப்பன், அதாவது வேறு இன நெல், தலைகாட்டும், உயரம் ஒன்றுபோல் இராது, விளைச்சல் குறையும். அப்போது அவர் நல்ல விதைநெல் வாங்கி வந்து விதைப்பார். கலம் பிரியும்போதும் அப்படித்தான். ஒவ்வொரு பிரிவிலும் 300 கோடிக்கு மேற்பட்ட எழுத்துகள் கொண்ட டிஎன்ஏயை, கலத்தின் பரம்பரைக் குறிப்பேட்டை, அதன் இரண்டு தொகுதியையும் பிரதி எடுக்க வேண்டும். அதோடு, பிரியாமல் சும்மா இருக்கும் கலத்திலும் வெப்பம், நீர், சுவாசத்தின் கழிவுகள் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்குப் பத்தாயிரக்கணக்கான இடங்களில் டிஎன்ஏயைச் சேதப்படுத்துகின்றன. அவற்றில் கிட்டத்தட்ட எல்லாமே திருத்தப்பட்டுவிடும். அந்தத் திருத்தும் முறைகளைக் கண்டுபிடித்த மூவருக்கு, லின்டால், மொட்ரிச், சன்ஜார், 2015இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் "கிட்டத்தட்ட எல்லாம்" என்பதற்கும் "எல்லாம்" என்பதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது, எழுபது வருடமாக அந்த இடைவெளியில் சேர்வதைத்தான் நாம் வயது என்கிறோம். புதிய விதைநெல் வாங்கிவர உடம்புக்குக் கடை கிடையாது.

பிரிவுக்கு ஓர் எல்லையும் உண்டு. 1912இல் நியூயோர்க்கில் அலெக்சிஸ் கரெல் என்ற ஆய்வாளர் கோழிக்குஞ்சின் இதயத் துண்டு ஒன்றை ஆய்வுகூடத்தில் வளர்க்கத் தொடங்கினார், அது அவர் இறந்த பிறகும் 1946 வரை வளர்ந்தது. அதனால் கலங்களுக்குச் சாவே கிடையாது, உடம்புக்குத்தான் வயதாகிறது என்று ஒரு தலைமுறை விஞ்ஞானிகள் முழுதாக நம்பினார்கள். 1961இல் பிலடெல்பியாவில் லெனார்ட் ஹேஃபிளிக்கும் போல் மூர்ஹெட்டும் மனிதக் கலங்களை எண்ணி எண்ணி வளர்த்தபோது சுமார் 50 பிரிவோடு அவை நின்றுவிட்டன. கலங்களுக்கு ஊற்றிய உணவு சரியில்லையோ, நஞ்சு ஏதும் கலந்ததோ என்ற சந்தேகத்தைத் தீர்க்க, பலமுறை பிரிந்த ஆண் கலங்களையும் இளம் பெண் கலங்களையும் ஒரே போத்தலில் சேர்த்து வளர்த்தார்கள். கொஞ்சக் காலத்தில் அந்தப் போத்தலில் பெண் கலங்கள் மட்டுமே மிஞ்சின, உணவும் போத்தலும் ஒன்று, ஆனால் கிழட்டுக் கலங்கள் மட்டும் தங்கள் கணக்கு முடிந்ததும் நின்றுவிட்டன. உறையவைத்து எடுத்தாலும் விட்ட எண்ணிக்கையிலிருந்தே தொடர்ந்தன. (கரெலின் கோழிக் கலங்களுக்கு ஊற்றிய உணவோடு ஒவ்வொரு தடவையும் புதுக் கலங்களும் உள்ளே போயிருக்க வேண்டும் என்றுதான் இன்று கருதுகிறார்கள்.) இந்தப் பரிசோதனையை நான் மாணவனாக இருந்தபோது படித்த அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை, ஒரு கலம் எப்படி எண்ணுகிறது என்ற கேள்வி அவ்வளவு பிடித்துக்கொண்டது.

எண்ணுகிற இடம், டிஎன்ஏ சுருண்டு கிடக்கும் நிறமூர்த்தத்தின் நுனி. அங்கே டெலோமியர் என்ற தொப்பி இருக்கிறது, ஒரே ஆறெழுத்து ஆயிரக்கணக்கான தரம் திரும்பத் திரும்ப வரும். பிரதி எடுக்கும் நொதியத்தால் (கலத்துக்குள் வேலை செய்யும் ஒரு புரதம்) நுனியின் கடைசித் துண்டைப் பிரதி எடுக்க முடியாது, ஆகவே ஒவ்வொரு பிரிவிலும் தொப்பி கொஞ்சம் குட்டையாகும். மிகக் குட்டையானதும் கலம் அதை உடைந்த டிஎன்ஏ என்று எடுத்துக்கொண்டு பிரிவை நிறுத்திவிடும். தொப்பியைத் திரும்ப வளர்க்கும் டெலோமரேஸ் என்ற நொதியத்தை 1984இல் எலிசபெத் பிளாக்பர்னும் கரோல் கிரெய்டரும் கண்டுபிடித்தார்கள், அவர்களுக்கும் ஜாக் சொஸ்டாக்குக்கும் 2009இல் நோபல் பரிசு. உடனே எல்லோருக்கும் வருகிற யோசனை, அந்த நொதியத்தைக் குளிசையாகக் கொடுத்துவிடலாமே என்பது. அதே நொதியத்தை அடங்காமல் பிரிவதற்காகத் தூண்டிவிட்டிருக்கும் கலங்கள் உடம்பில் ஏற்கெனவே உண்டு, அவற்றைப் புற்றுநோய் என்கிறோம். நூற்றுக்கு 85 முதல் 90 புற்றுநோய்களில் டெலோமரேஸ் விழித்திருக்கிறது. கலம் ஓரிடத்தில் நின்றுவிடுவது நம்மைக் காக்கவும்தான் என்பதை மகள் இங்கே கவனிக்க வேண்டும்.

நின்றுபோன கலம் செத்துப்போவதில்லை, அதுதான் தொல்லை. வேலையும் செய்யாது, இடத்தையும் விடாது, அழற்சியைத் தூண்டும் பொருட்களைச் சுற்றிவர உமிழ்ந்துகொண்டே இருக்கும். ஈரம் காயாமல் கட்டிய ஒரு மூட்டை நெல்லைக் களஞ்சியத்தில் அடுக்கினால் அது சூடேறிப் பக்கத்து மூட்டைகளையும் பழுதாக்கும் இல்லையா, அதே வேலைதான். இளமையில் நோயெதிர்ப்புக் கலங்கள் வந்து இவற்றைப் பொறுக்கி எடுத்துவிடும், வயதானபின் பொறுக்குகிறவர்களும் தளர்ந்துவிடுகிறார்கள். 2011இல் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள், சீக்கிரம் முதுமையடையும் ஒருவகைச் சுண்டெலிகளில் இந்தக் கலங்களை மட்டும் அகற்றிப் பார்த்தபோது தசைத் தளர்வும் கண்புரையும் பிந்தி வந்தன. மனிதரில் இப்போதுதான் சோதிக்கிறார்கள், கடையில் வாங்கும் நிலையில் ஒன்றும் இல்லை.

மாறாத கலங்களின் குப்பைக் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கலம் தன் பழுதான பாகங்களைத் தானே ஒரு பையில் கட்டிச் சிதைத்து, அதிலிருந்து புதிதாக எடுத்துக்கொள்ளும். இதை மதுவக் (ஈஸ்ட்) கலங்களில் தோண்டித் துருவிய யொஷினோரி ஒசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். வயதோடு இந்தத் துப்புரவு மந்தமாகிறது. சக்தி தரும் இழைமணிகள் பழுதானபடியே கிடக்கின்றன, அவை குறைவாகச் சக்தி தந்து கூடுதலாகப் புகை விடுகின்றன. பழைய ட்ரக்டர் எஞ்சினை நினைத்துக்கொள்ளலாம்.

இனிச் சீனி. நான் ஏன் தொடக்கத்திலேயே அவசரப்பட்டேன் என்பது இப்போது விளங்கும். குருதியில் சுற்றும் குளுக்கோசு எந்த நொதியமும் இல்லாமல் தானாகவே புரதங்களில் ஒட்டிக்கொள்ளும். எல்லோருக்கும் ஒட்டுகிறது, சீனி கூடியவருக்கு வேகமாக ஒட்டுகிறது. தோலுக்கும் குருதிக்குழாய்க்கும் உறுதி தருகிற கொலாஜன் நார்களை ஒன்றோடொன்று பிணைத்து விறைக்கச் செய்யும். நுண்குழாய்கள் தடிக்கும், காலில் உணர்வு குறையும், வெண்குருதிக் கலங்களின் வேலை கெடும், புண் மாறாது. "மூன்று மாதச் சீனி" என்று ஒரு பரிசோதனை செய்கிறோமே, அது செங்குருதிக் கலத்தின் 120 நாள் வாழ்க்கையில் எவ்வளவு சீனி ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பதுதான். ஆகவே கட்டுப்படாத சீனி வருத்தம் முதுமையின் ஒரு பகுதியை முன்கூட்டியே இழுத்து வருகிற நோய், ஆனால் முதுமையைப் போலல்லாமல் அதற்கு இன்றைக்கே மருந்து இருக்கிறது, அதுவும் அரச வைத்தியசாலையில் காசில்லாமல்.

இதைத்தான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன், "வயசு" என்பதை ஒரு நோயின் பெயராகப் பாவிக்காதீர்கள். கலங்களுக்கு வயதாவது உண்மை. ஆனால் ஒன்றரை மாதத்தில் ஒருவர் கதிரையில் இருந்துவிடுகிற அளவுக்கு அது விரைந்து வராது. முதுமை வருடக்கணக்கில் வரும், நோய் கிழமைக்கணக்கில் வரும். நானே இதில் தவறியிருக்கிறேன். என் அம்மா சோர்ந்து, குரல் தடித்து, எதிலும் விருப்பமில்லாமல் இருந்தபோது 68 வயதுதானே என்று நான்தான் எட்டு மாதம் விட்டுவைத்தேன், இத்தனைக்கும் தினமும் கிளினிக்கில் இருந்து மற்றவர்களின் அம்மாக்களுக்கு மருந்து எழுதியவன். கடைசியில் அது தைரொயிட் குறைபாடு, தினம் ஒரு சின்னக் குளிசையோடு நாலு மாதத்தில் எழும்பிச் சந்தைக்குப் போனா. அந்த எட்டு மாதத்தை என்னால் அவவுக்குத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அதனால் அப்பாவுக்குச் சீனியோடு இரத்த அளவு, சிறுநீரகத்துக்குக் கிரியாற்றினின், தைரொயிட், இவற்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மெலிவுக்கு இதிலொன்றும் காரணம் கிடைக்காவிட்டால் சளிப் பரிசோதனையும் நெஞ்சுப் படமும் கேட்க வேண்டும், காசநோய் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை.

அண்ணா அனுப்பிய குளிசை. நீங்கள் எழுதிய பெயர்களைப் பார்த்தேன், என்எம்என் என்பதும் ரெஸ்வெரட்ரோலும் சில விட்டமின்களும். என்ஏடி என்ற ஒரு பொருள் கலத்துக்குச் சக்தி எடுக்கத் தேவை, அது வயதோடு குறைகிறது, அதைக் கூட்டலாம் என்பதுதான் முதலாவதன் யோசனை. சுண்டெலிகளில் சில நல்ல முடிவுகள் வந்தன. மனிதரின் ஆயுளை எந்தக் குளிசையும் கூட்டியதாக இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. விட்டமின்தானே, கெடுதல் செய்யாது என்று அண்ணா சொல்லக்கூடும். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம், உடம்பில் விட்டமின் ஏ ஆக மாறும் பீற்றா கரோட்டினும் விட்டமின் ஈயும் சோதித்தார்கள், கலச் சேதத்தைத் தடுத்துப் புற்றுநோயைக் குறைக்கும் என்ற நம்பிக்கையில். 1994இல் வந்த முடிவு எல்லோரையும் திகைக்க வைத்தது, பீற்றா கரோட்டின் எடுத்தவர்களில் நுரையீரல் புற்றுநோய் நூற்றுக்கு 18 வீதம் கூடியிருந்தது. கேள்வியில் நியாயம் இருந்தாலும் விடை எதிராக வரலாம் என்பதை அந்தப் பரிசோதனை எங்களுக்குப் படிப்பித்தது. அண்ணாவின் அன்பில் குறை சொல்லவில்லை, தூரத்தில் இருப்பவருக்கு அப்பாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு இருக்கும், அதைச் செலவழிக்க நல்ல வழி ஒன்றைச் சொல்கிறேன். புண்ணுள்ள காலுக்கு ஏற்ற மெத்தென்ற செருப்பும் வீட்டில் சீனி பார்க்கும் கருவியும் அதற்கான பட்டிகளும் வாங்கப் பணம் அனுப்பட்டும்.

பட்டினி இருந்தால் இளமை நிற்கும் என்று இப்போது பலர் பேசுகிறார்கள். 1935இலேயே குறைந்த உணவு கொடுத்த எலிகள் கூடக் காலம் வாழ்ந்ததைக் கிளைவ் மக்கே அமெரிக்காவில் காட்டினார், அது உண்மை. மெலிந்துகொண்டிருக்கும் 71 வயதுக்காரருக்கு அது பொருந்தாது, அவருக்குத் தசை போய்க்கொண்டிருக்கிறது. முப்பதைத் தாண்டினால் பத்து வருடத்துக்கு நூற்றுக்கு மூன்று முதல் எட்டு வரை தசை குறையும், அறுபதுக்குப் பிறகு இன்னும் வேகம். ஆனால் தசை மாதிரி நன்றியுள்ள இழையம் வேறு இல்லை. 1990இல் பொஸ்டனில் முதியோர் இல்லம் ஒன்றில் சராசரி 90 வயதான பத்துப் பேருக்கு எட்டுக் கிழமை காலுக்குப் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள், வலிமை சராசரியாக 174 வீதம் கூடியது. 90 வயதில்! பயிற்சி செய்யும்போது தசைக் கலம் புது இழைமணிகளை உண்டாக்கும், பழுதானவற்றை அகற்றும், அதைச் செய்யும் குளிசை கிடையாது. புண் மாறும்வரை அப்பாவை நடக்கவைக்க வேண்டாம். கதிரையில் இருந்தபடி கையால் ஊன்றாமல் எழும்பி இருப்பது, புண்ணில்லாத காலை நீட்டி மடக்குவது, ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலைக் கையில் தூக்குவது, இவ்வளவோடு தொடங்கட்டும். சோற்றைக் குறைத்தால் அந்த இடத்தில் வாவி மீனும் பயறும் முட்டையும் சீனி போடாத எருமைத் தயிரும் வரட்டும், கிரியாற்றினின் கூடி இருந்தால் மட்டும் புரதத்தின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மகள் இன்னும் ஒன்று கேட்பாள் என்று நினைக்கிறேன், இவ்வளவு திருத்தத் தெரிந்த உடம்பு ஏன் முழுதாகத் திருத்தாமல் விட்டது? இதற்கும் விடை அம்மப்பாவின் வளவுக்குள்ளேயே இருக்கிறது. வீட்டுக் கூரையில் ஓடும் எலி இரண்டு மூன்று வருடம் வாழ்ந்தால் பெரிது. எலியை விடச் சின்னதான, ஏழு கிராம் எடையுள்ள பிராண்ட் வௌவால் ஒன்று சைபீரியாவில் 41 வருடம் உயிரோடு இருந்தது பதிவாகியிருக்கிறது. பாம்பும் ஆந்தையும் எலியை எப்படியும் சீக்கிரம் தின்றுவிடும், அதன் உடம்பை நாற்பது வருடத்துக்குத் திருத்தி வைத்து என்ன பயன், இருக்கிற சக்தியைக் குட்டி போடுவதில் செலவழித்த எலிகளே பெருகின. பறந்து தப்பும் வௌவாலுக்குத் திருத்துவது இலாபம். 1952இல் பீற்றர் மெதவரும், 1977இல் தோமஸ் கேர்க்வுட்டும் இந்தக் கணக்கை விளக்கினார்கள். அம்மப்பா விதைநெல்லைத் தனியாகக் காயவைத்துக் கண்போலப் பார்ப்பார், சாப்பாட்டு நெல்லை அந்தப் பாடு பார்ப்பதில்லை. இயற்கையும் அடுத்த தலைமுறைக்குப் போகும் கலங்களை அப்படிக் காக்கிறது, உடம்பின் மற்றக் கலங்களை ஒரு ஆயுளுக்குப் போதுமான அளவு பார்க்கிறது. வயலுக்குள் இறங்கி அவரை நித்திரை கொள்ளவிடாத யானைக்கும் கணக்கு உண்டு. கடைவாய்ப் பல் ஆறு தொகுதிதான், ஆறாவதும் தேய்ந்தால் அதனால் மென்று தின்ன முடியாது, அறுபது எழுபது வயதில் அதோடு சரி.

உங்கள் தலைமயிர் 44இல் நரைப்பதைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். மயிர்க்காலில் நிறம் தரும் மூலக் கலங்கள் தீர்ந்துபோவதுதான் நரை, உள்ளுறுப்புகளின் வயதை அது காட்டாது. ஆனால் அப்பாவுக்குச் சீனி என்று வந்தால் உங்களுக்கும் அண்ணாவுக்கும் வர இடமுண்டு, அதே நாளில் நீங்களும் ஒரு விரல் நீட்டிவிடுங்கள்.

காலையில் போகும்போது அப்பா தேநீரும் குடிக்கக் கூடாது, தண்ணீர் குடிக்கலாம். குளிசைப் போத்தலையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள், அவர் ஏற்கெனவே இரண்டு மூன்று எடுத்திருந்தால் அதையும் ஒளிக்காமல் சொல்லட்டும். புண்ணைக் கழுவிக் கட்டும்போது இரண்டு பாதத்தையும் தொட்டு உணர்வு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முடிவுகள் வந்ததும் எண்களை அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்கள், பார்த்துவிட்டு அடுத்ததைச் சொல்கிறேன்.